விழுவதும் எழுவதும்: கடினமான வீடியோ விளையாட்டுகள் பற்றி ஒரு கருத்து

‘தோல்வியே வெற்றிக்கு முதற்படி’ என்னும் தொடரை அறியாத மாணவி நம்மிடையே இல்லை. கட்டுரைத் தேர்வில் இதனை எழுதி மதிப்பெண் பெறாதவரும் இல்லை. ஆனால் மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் நாளில் அத்தொடர் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றது என்பதுதான் தெரிவதில்லை. அன்று வீட்டில் பேச்சு குறைந்துவிடுகின்றது. தோழியர் முகத்தைப் பார்க்க நாணுகிறோம். படி என்று நாம் எழுதியது அன்று பள்ளமாகவே தோன்றுகின்றது.

தோல்வி எப்போது படியாகின்றது? எப்போது பள்ளமாகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, நாம் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து சிறிது வெளிச்சம் கிடைக்கின்றது. அது வீடியோ விளையாட்டு. அதிலும், ஆடுவோரை மீண்டும் மீண்டும் வீழ்த்துவதற்கென்றே பெயர்பெற்ற கடினமான போர் விளையாட்டுகள். ‘படிக்கும் பிள்ளைகளைக் கெடுக்கும் பொருளைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதுவதா?’ என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம். அவற்றின் குறைகளை நாம் மறைக்கப் போவதில்லை.

ஜப்பானில் பிறந்த கதை

டோக்கியோ நகரில் 1986-ஆம் ஆண்டு ஃப்ரம்சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. முதலில் அலுவலகங்களுக்கான கணிப்பொறி நிரல்களை உருவாக்கிவந்த அந்நிறுவனம், 1994-இல் ‘கிங்ஸ் ஃபீல்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 2004-இல் ஹிடேட்டாக்கா மியாசாக்கி என்பவர் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். முப்பதை நெருங்கும் வயதில், கணிப்பொறித் துறையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, தம் வயதுக்கு மீறிய நூல்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து படிப்பாராம். புரியாத பகுதிகளைத் தம் கற்பனையைக் கொண்டு நிரப்பிக்கொள்வாராம்.

அந்நிறுவனத்தில் அப்போது ஒரு விளையாட்டு பாதியிலேயே தடுமாறிக்கொண்டிருந்தது. அது தேறாது என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஏற்கெனவே தோற்றதாகக் கருதப்படும் வேலையில் தாம் தோற்றாலும் எவரும் குறை சொல்லப்போவதில்லை என்று துணிந்து, மியாசாக்கி அதனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். அதுவே 2009-இல் வெளியான ‘டீமன்ஸ் சோல்ஸ்’. முதலில் அதற்கு வரவேற்பு இல்லை. அதனை வெளியிட்ட சோனி நிறுவனமே ஜப்பானுக்கு வெளியே மேலை நாடுகளுக்குக் கொண்டுபோக முன்வரவில்லை. வேறொரு நிறுவனம் அவ்வாண்டே அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அதன் புகழ் பரவியது.

அதன்பின் 2011-இல் ‘டார்க் சோல்ஸ்’, 2015-இல் ‘பிளட்போர்ன்’, 2019-இல் ‘செகிரோ’, 2022-இல் ‘எல்டன் ரிங்’ என ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 2014-இல் மியாசாக்கி அந்நிறுவனத்தின் தலைவரானார். எல்டன் ரிங் 2024-ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் 2 கோடியே 50 லட்சம் படிகளுக்கு மேல் விற்றதாக அறிவிக்கப்பட்டது. எளிய விளையாட்டுகள் எத்தனையோ இருக்க, தங்களைத் தோற்கடிக்கும் விளையாட்டை இத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவது ஏன்? இது சிந்திக்கத்தக்க கேள்வியன்றோ?

தோற்பதற்கும் ஒரு நெறி

இவ்விளையாட்டுகளை ஆங்கிலத்தில் ஆக்ஷன் ரோல் பிளேயிங் கேம் என்பர். ஆடுபவர் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ பாத்திரமேற்று, பாழடைந்த கோட்டைகளிலும் காடுகளிலும் அலைந்து, தம்மினும் பன்மடங்கு வலிய பகைவரை எதிர்க்க வேண்டும். வாளை ஓங்கினாலும், கேடயத்தால் அடியைத் தடுத்தாலும், உருண்டு விலகினாலும் உடல் தெம்பு குறையும். தெம்பு முழுவதும் தீர்ந்தபின் விலக நினைத்தாலும் இயலாது. காயத்தை ஆற்றும் மருந்தைக் குடிக்கவும் சில நொடிகள் தேவை. அந்நொடிகளில் பகைவன் சும்மா இருப்பதில்லை. டார்க் சோல்ஸ் விளையாட்டில், அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் இடையில் நிறுத்திவைக்க முடியாது! பட்டியலைத் திறந்து ஆயுதத்தை மாற்றும் நேரத்திலும் போர் நடந்துகொண்டேயிருக்கும்.

வீழ்ந்தால் என்ன ஆகும்? அதுவரை பகைவரை வென்று சேர்த்த பொருள் முழுவதும் வீழ்ந்த இடத்திலேயே தங்கிவிடும். வீரன் தான் கடைசியாக இளைப்பாறிய தீ மூட்டத்தின் அருகே மீண்டும் எழுவான். வழியில் வென்ற பகைவர் பெரும்பாலோரும் அவனுடன் உயிர்பெற்று எழுவர். அவர்களையெல்லாம் கடந்து, வீழ்ந்த இடத்தை மறுபடி அடைந்தால் இழந்த பொருள் அனைத்தும் கிடைக்கும். அடைவதற்குள் இன்னொரு முறை வீழ்ந்தால் அப்பொருள் என்றென்றைக்கும் போயிற்று. கேட்கும்போதே நெஞ்சு பதறுகின்றது! ஆயினும் இதில் ஓர் அருமை உண்டு. இழந்தது எங்கே கிடக்கின்றது என்பது தெரியும். அதை மீட்க ஒரு வாய்ப்பும் உண்டு.

நம் வீடுகளில் ஆடும் பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். தொண்ணூறைத் தாண்டிய காயைப் பாம்பு விழுங்கிக் கீழே தள்ளிவிடுகின்றது. அதில் நம் குற்றம் ஒன்றுமில்லை. தாயம் அப்படி விழுந்தது. ஆதலால் அதிலிருந்து ஆட்ட நுணுக்கமாகக் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஜப்பானியரின் இவ்விளையாட்டு அப்படிப்பட்டதன்று. பகைவன் வாளை வீசுமுன் தோளைப் பின்னுக்கு இழுக்கின்றான். பாயுமுன் முழங்காலை மடக்குகின்றான். அந்தக் குறிப்பைக் கவனிக்காதவர் வீழ்கின்றனர், கவனித்தவர் தப்புகின்றனர். பத்தாவது முறை வீழ்பவர், ஒன்பதாவது முறை தாம் அறியாத ஒன்றை அறிந்துகொண்டே வீழ்கின்றார். அடி பலமானது, ஆனால் காரணமில்லாத அடியாக இருப்பது அரிது.

டார்க் சோல்ஸின் தொடக்கமே இதற்கு நல்ல சான்று. சிறைக்கூடத்திலிருந்து தப்பிவரும் வீரனிடம் உடைந்த வாளின் பிடி மட்டுமே இருக்கின்றது. பெரிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் மலைபோன்ற ஓர் அரக்கன் மேலிருந்து குதிக்கின்றான். வீரம் காட்டி அங்கேயே நின்று போரிடுபவர் நசுங்கிப்போகின்றனர். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் திறந்த வாயில் ஒன்று இருக்கின்றது. அதன் வழியே ஓடிவிடுவதே அங்கே செய்யத்தக்கது. பிறகு நல்ல வாளும் கேடயமும் தேடிக்கொண்டு, மாடத்தின் மேலிருந்து அதே அரக்கன்மீது பாய்ந்து வெல்லலாம். ஆக, இவ்விளையாட்டு புகட்டும் முதற்பாடம் வெட்டுவதன்று. எப்போது விலகவேண்டும் என்று அறிவது. மறைக்கல்வி வகுப்பில் நாம் படிக்கும் நான்கு தலையாய புண்ணியங்களில் விவேகம் முதலில் வைக்கப்பட்டிருப்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். முயற்சி வேறு, முரட்டுத்தனம் வேறு.

பனிமலையில் பிறந்த எண்ணம்

இவ்விளையாட்டுகளில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது போரன்று. முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியே ஆகும்.

ஒருமுறை கடும்பனி பெய்திருந்த மலைச்சரிவில் மியாசாக்கியின் கார் மேலே ஏற மாட்டாமல் நின்று, வழுக்கத் தொடங்கியதாம். அவருக்குப் பின்னால் வந்த காரும் சிக்கிக்கொண்டது. அப்போது அதற்கும் பின்னால் வந்தவர், தம் காரால் முன்னதை முட்டித் தள்ளத் தொடங்கினார். இவ்வாறு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வண்டிகள் மேட்டைக் கடந்தன. நன்றி சொல்லலாமென்றால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு சொல்லும் சொல்லாமலே அவர் போய்விட்டார். கடைசியில் நின்றவர் நலமாக வீடு சேர்ந்தாரோ என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. தமக்கு உதவியவரை இனி ஒருநாளும் காணப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இந்த நிகழ்ச்சியே தம் விளையாட்டில் ஆடுவோர் ஒருவருக்கொருவர் உதவும் முறைக்கு வித்திட்டதாக அவர் கூறியுள்ளார்.

அம்முறை யாதெனின், ஆடுபவர் தரையில் ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்கலாம். ‘முன்னே பதுங்கியிருக்கின்றான்’ என்பது போன்ற அக்குறிப்பு, வேறெங்கோ, வேறு நாட்டில், அதே விளையாட்டை ஆடும் ஒருவரின் திரையில் தோன்றும். அது தமக்குப் பயன்பட்டதென்று அவர் தெரிவித்தால், டீமன்ஸ் சோல்ஸில் எழுதியவருக்கு இழந்த உயிர்வலிமை திரும்பக் கிடைக்கும். தான் செய்த உதவி தனக்கே மருந்தாகும் அழகைப் பாருங்கள்! தனித்து வெல்ல இயலாத பகைவனின் வாயிலில், துணைக்கு வர விரும்புவோர் தம் அடையாளத்தை இட்டுவைக்கலாம். வேண்டியவர் அழைத்துக்கொள்ளலாம்.

எல்டன் ரிங்கில் மலேனியா என்னும் வீரமங்கை மிகக் கொடிய எதிரி. ஆயிரக்கணக்கானோர் அவளிடம் தோற்று மனமுடைந்திருந்த 2022-ஆம் ஆண்டில், தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்ட வேடத்தில் ஓர் ஆட்டக்காரர் தோன்றினார். அழைப்பவருக்கெல்லாம் வந்து, அவர்களை ஓரமாக நிற்கச்செய்து, தாம் ஒருவராகவே அவளை வென்று கொடுத்தார். இவ்வாறு அவர் ஆயிரம் முறைக்கு மேல் வென்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவரும் முன்பு அவளிடம் பன்முறை தோற்றவரே. விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் அவரைப் பாராட்டி உண்மையான வாள் ஒன்றையே பரிசாக அனுப்பியது. பலமுறை விழுந்தவருக்கே விழுந்தவரின் வருத்தம் தெரியும் போலும்.

எல்லாக் குறிப்புகளும் உண்மையானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இங்கே குதித்தால் புதையல்’ என்று பொய்யாக எழுதி, பிறரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்வோரும் உண்டு. அழையாமலே பிறர் ஆட்டத்துக்குள் புகுந்து தாக்குவோரும் உண்டு. உலகத்தில் உள்ளதே விளையாட்டிலும் உள்ளது. யார் சொல்லை நம்புவது என்று ஆராய்ந்து அறியும் கடமை அங்கும் நம்முடையதே.

நேர்மையான மறுப்புகள்

இனி, இவ்விளையாட்டுகளுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, இவை சிறுமியருக்கு உரியவை அல்ல. இரத்தமும் கோர உருவங்களும் நிறைந்தவை. அமெரிக்கத் தரக்குழு எல்டன் ரிங்கை 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கு உரியதென்றும், ஐரோப்பியத் தரக்குழு 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியதென்றும் குறித்துள்ளன. அண்ணன் ஆடுகின்றானே என்று ஆறாம் வகுப்புத் தங்கை அருகே அமர்ந்திருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். உறைமேல் அச்சிட்டிருக்கும் வயதெண் அழகுக்காக அன்று.

இரண்டாவது, பெயர்கள். பேய், ஆன்மா என்ற சொற்களைக் கேட்டதும் நம் அருட்சகோதரியர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாலும் வியப்பில்லை. கதையில் பேய் வருவதை நாம் பெரிய குற்றமாகக் கருதவில்லை. நம் பாட்டிமார் கதைகளில் வராத பேயா? ஆனால் வெல்லப்பட்டவரின் ‘ஆன்மாக்களை’ நாணயம்போல் சேர்த்துச் செலவிடுவது நமக்கு உவப்பானதன்று. ஆன்மா விலைமதிப்பற்றது என்று கற்றவர்கள் நாம். கற்பனை என்று தெரிந்தே ஆடுகின்றனர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் இதனைச் சொல்லாமல் விட மனமில்லை.

மூன்றாவது, காலம். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்ற எண்ணம் இவ்விளையாட்டுகளின் வலிமை. அதுவே அவற்றின் ஆபத்தும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாதலும் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆடுவதை அடக்க இயலாமை, மற்ற கடமைகளினும் ஆட்டத்தையே பெரிதாகக் கொள்ளுதல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டுக் காலமேனும் இந்நிலை நீடித்தால்தான் நோயென்று மருத்துவர் முடிவு செய்வர். ஒரு மாலைப்பொழுது ஆடியதற்காகப் பிள்ளையை நோயாளி என்று ஏசுவது தவறு. தூக்கமும் படிப்பும் செபமும் நட்பும் ஒவ்வொன்றாகக் கரைந்துபோவதைக் கண்டும் வாளாவிருப்பதும் தவறு.

நான்காவது மறுப்பே மிகவும் கனமானது. கடினம் எல்லாருக்கும் ஒரே அளவினதா? செகிரோ வெளியான 2019-இல் இதுபற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அவ்விளையாட்டில் எளிய நிலை, கடிய நிலை என்ற தெரிவு இல்லை. எல்லாரும் ஒரே துன்பத்தைக் கடந்தால்தான் வெற்றியின் மகிழ்ச்சியும் ஒன்றாகும் என்பது மியாசாக்கியின் கொள்கை. விரல்கள் விரைந்து இயங்காத ஒருவர், பார்வை மங்கிய ஒருவர், செவி கேளாத ஒருவர் என்ன செய்வது என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இதில் நாம் எதிர்த்தரப்பின் பக்கமே நிற்கிறோம். மலை உயரமாயிருக்கட்டும், ஏறுவதற்கு ஒருவருக்குக் கைத்தடி தந்தால் மலையின் பெருமை குறைந்துவிடுமா?

2018-இல் கனடாவில் உருவான ‘செலஸ்ட்’ என்னும் விளையாட்டை இதற்குச் சான்றாகக் காட்டலாம். மேடலின் என்னும் இளம்பெண் ஒரு மலையில் ஏறும் கதை அது. இரத்தப் போர் அதில் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான முறை வீழாமல் அதை முடிப்பவர் அரியர். அதில் வேண்டுவோர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வீழாத வலிமையையும் பெற்றுக்கொள்ளலாம். வேண்டாதார் அப்படியே ஆடலாம். அதனால் அதன் பெருமை குறைந்ததாக எவரும் சொல்லவில்லை. எல்டன் ரிங்கிலும் கடினம் நீங்கவில்லையாயினும், வழிகள் பெருகின. தொடக்கத்திலேயே எதிர்ப்படும் பொற்கவசக் குதிரை வீரனை வெல்ல முடியாதவர், அவனைச் சுற்றிக்கொண்டு வேறு திசையில் போய்ப் பலம் தேடிக்கொண்டு திரும்பி வரலாம். துணைக்கு ஆவிகளையும் அழைத்துக்கொள்ளலாம். அது ஒரு நல்ல முன்னேற்றமே.

நம் கருத்து

இதுவரை கூறியவற்றால் நாம் அடையும் முடிவு இது. கடினம் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. கடினமான சோதனை ஒருவரை உருவாக்க வேண்டுமானால் அதற்கு நான்கு பண்புகள் வேண்டும். ஏன் வீழ்ந்தோம் என்பது வீழ்ந்தவருக்குத் தெரிய வேண்டும். மீண்டும் எழ ஓர் இடம் இருக்க வேண்டும். இழந்ததை மீட்க வாய்ப்பு இருக்க வேண்டும். உதவி கேட்பது இழிவாகக் கருதப்படாதிருக்க வேண்டும். இந்நான்கும் இருந்தால் தோல்வி படியாகும், இல்லையேல் பள்ளமாகும்.

இந்நான்கும் ஒரு விளையாட்டில் இருக்கின்றனவே, நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இருக்கின்றனவா? 34 மதிப்பெண் வாங்கிய மாணவிக்குச் சிவப்புக் கோடு தெரிகின்றது. எந்த இடத்தில் தவறினாள் என்பது தெரிகின்றதா? வீடு திரும்பும்போது அவளுக்குத் தீ மூட்டம் காத்திருக்கின்றதா, தீச்சொல் காத்திருக்கின்றதா? மறுதேர்வு எழுதும் பிள்ளையை மற்றவர் எவ்வாறு பார்க்கின்றனர்? கணக்கு விளங்கவில்லை என்று தோழியிடம் கேட்க ஏன் நாம் கூசுகிறோம்? விடை தெரிந்தவர்கள் அதை ஏன் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம்? ஜப்பானில் பனியில் நின்ற அந்த முகமறியாதவர் செய்ததை, அடுத்த பெஞ்சில் அமர்ந்திருக்கும் நாம் செய்ய மாட்டோமா?

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் வேண்டுவது. தம்பி பரீட்சையில் தவறினால் ‘அடுத்த முறை பார்த்துக்கொள்வான்’ என்னும் வீடுகளில், அக்காள் தவறினால் ‘படித்தது போதும்’ என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஒருமுறை வீழ்ந்ததும் ஆட்டமே முடிந்ததென்று விளக்கை அணைத்துவிடும் அநீதி, மிகக் கொடியதென்று பெயரெடுத்த இவ்விளையாட்டுகளில்கூட இல்லையே!

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது புதிய பாடமுமன்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதையின் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் நாம் முழந்தாளிடுகிறோம். மூன்றிலும் ஆண்டவர் வீழ்ந்ததையே தியானிக்கிறோம். ஐந்தாம் நிலையில் வழியோடு போன சீமோன் வந்து தோள் கொடுக்கின்றார். வீழ்ந்ததையும் உதவி பெற்றதையும் திருச்சபை மறைக்கவில்லை. சுவரில் படமாக மாட்டி வைத்திருக்கின்றது. அவ்வாறே, இரவில் படுக்குமுன் அன்றைய நாளை எண்ணிப் பார்க்கும் ஆன்ம சோதனையும், எங்கே தவறினோம், நாளை என்ன செய்வோம் என்று அமைதியாகக் கேட்டுக்கொள்வதன்றி வேறென்ன? அதில் ஏச்சு இல்லை, நம்பிக்கை உண்டு.

ஆகவே, பெற்றோரே, தோற்று வந்த பிள்ளையிடம் ‘ஏன் தோற்றாய்?’ என்று கேட்குமுன் ‘எங்கே தவறிற்று, சேர்ந்து பார்ப்போமா?’ என்று கேட்க வேண்டுகிறோம். அன்னையரே, ஆசிரியையரே, தவறிய மாணவியின் பெயரை வகுப்பில் உரக்கப் படிப்பதற்குப் பதிலாக, அவள் திரும்பவும் முயல ஒரு மாலை நேரத்தை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். அன்புத் தங்கையரே, வயது வரும்வரை அவ்விளையாட்டுகள் காத்திருக்கட்டும். அவற்றின் நல்ல பாடம் காத்திருக்க வேண்டியதில்லை. முன்னே பள்ளம் கண்டவர், பின்னே வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்போம். வீழ்ந்தவருக்குக் கை கொடுப்போம். நாம் வீழும்போது கை நீட்டவும் நாணாதிருப்போமாக!